எலுமிச்சம்பழம் குத்திய கெரிஸ்

சூடம் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூடவில்லை. பூஜை மேஜையின் நடுவில் போன என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்ஷாப் இருக்கிறது என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லேத் மெஷின் வைத்துப் பம்புகளுக்கு உதிரி பாகம் கடைவது என் பிழைப்பு. உலகத்துக் கத்திகளையும் வாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது என் பைத்தியம். பிழைப்பு மேட்டுப்பாளையத்தில். பைத்தியம் உப்பளத்தில், என் வீட்டு மாடி அறையில். ஒன்றோடு ஒன்று கலக்காமல்தான் இத்தனை வருஷம் ஓட்டி வந்தேன்.

அந்த ஆயுத பூஜை அன்று கலந்துவிட்டது.

மேஜையில் ஸ்பேனர், சுத்தியல், அரம், வெர்னியர் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றுக்கு நடுவில், ஒரு மரக்கட்டையில் செருகி, முனை மேலே பார்க்க நிற்க வைத்திருந்தார்கள் என் சிநேகிதர் காதர் பாயின் கெரிஸை. கெரிஸ் என்பது மலாய், ஜாவா நாடுகளின் குத்துவாள். பாம்பு போல நெளிந்திருக்கும். அதன் அடியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். முனையில் கொழுத்த எலுமிச்சம்பழம் ஒன்று.

குத்திய இடத்திலிருந்து சாறு வழிந்து, ஒவ்வொரு நெளிவாக, நிதானமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கெரிஸ் என்னுடையது அல்ல. பார்த்துச் சொல்லுங்கள் என்று நம்பிக் கொடுக்கப்பட்டது. லேத் வெட்டுளிகளைச் சோதிக்கிற பெரிய பூதக்கண்ணாடி ஒர்க்ஷாப்பில் இருந்ததால் அங்கே எடுத்துப்போய், என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். பூஜைக்குப் பொறுப்பு என் மனைவி தனம்.

"தனம், இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான். டிராயர்ல கெடந்துச்சு. எல்லா ஆயுதத்தையும் வெச்சுட்டு நெஜமான ஆயுதத்தை மட்டும் உள்ள பூட்டி வெச்சா நல்லாவா இருக்கும்?"

நியாயமான கேள்வி.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?"

"கூரா இருக்கிறதுக்குப் பழம் குத்தணும். சூலத்துக்குக் குத்தறதில்லையா? கருப்பா, பிசுபிசுன்னு அழுக்கேறிக் கெடந்துச்சுங்க. மண்ணெண்ணெய்ல பஞ்சு வேஸ்ட்டை நனைச்சு, அழுத்தித் தேய்ச்சு எடுத்தேன். கை ரெண்டும் வலிக்குது."

பழைய கத்தியைச் சேர்க்கிறவர்களுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு: தேய்க்காதே. இரண்டாவது பாடம்: புளிப்பு எதையும் கிட்டே கொண்டுவராதே. மூன்றாவது: அடுத்தவன் கத்தியென்றால் முதல் இரண்டையும் இரட்டிப்பாக நினைவில் வை. அரை மணி நேரத்தில் மூன்றையும் முடித்துவிட்டுக் கைவலி என்கிறாள்.

பழத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"தொட்டீங்கன்னா பாருங்க. பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையில மறு பூஜை போட்டுட்டுதான் எடுக்கணும். பசங்க ஒரு ஸ்பேனரைத் தொடல. மொதலாளிக்கு மட்டும் தனி சாஸ்திரமா?"

பணியாட்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கையை மடக்கிக்கொண்டேன். கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். உள்ளே கெரிஸும் பழமும் தனியாக இருந்தன. அன்று நான் தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாசகருக்குப் பதில்

சாறு இறங்கட்டும். அதற்குள் ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன்.

போன வாரம் கூர்க்காக்களின் குக்ரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இவ்வளவு கொலைக் கருவிகளை வீட்டில் வைத்துக்கொண்டு உங்களால் எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது?"

ஐயா, எங்கள் வீட்டில் இதுவரை ஆபத்தை உண்டாக்கிய ஒரே ஆயுதம் அரிவாள்மணைதான். அது சமையலறையில் இருக்கிறது. அதை யாரும் கொலைக் கருவி என்பதில்லை.

கத்தியை நான் பார்க்கும்போது வெட்டு எனக்குத் தெரிவதில்லை. அதைச் செய்தவனுடைய ஊர் தெரிகிறது. குக்ரியைக் கையில் எடுங்கள், கனம் முழுக்க முன்பக்கம் இருக்கும். மலைக்காட்டில் விறகு வெட்டுகிறவனுக்குக் கையை அதிகம் ஓங்க இடமிருக்காது. கத்தியே விழ வேண்டும். பிலிப்பைன்ஸ் தீவுகளின் பாரோங் ஓர் இலை மாதிரி இருக்கும். காட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு எந்த வடிவத்தைச் செய்வான்? துருக்கிக்காரர்களின் யத்தகான் வாளின் பிடியில் இரண்டு காதுகள் முளைத்திருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். பிடித்தால் கை நழுவாது.

எனக்கு மிகவும் பிடித்தது சகாரா பாலைவனத்து வாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பிய நம்மூர்ச் சொல்தா (சிப்பாய்) ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. அதன் பிடி முழுக்கத் தோல் சுற்றியிருக்கிறது. இரும்பை வெறும் கையால் தொட்டால் ஆகாது என்று அந்த மக்களுக்கு ஒரு நம்பிக்கையாம். வாளோடே பிறந்து வாளோடே வாழ்ந்தவர்கள், வாளைத் தொடப் பயந்திருக்கிறார்கள். இதைவிட மரியாதையான பயத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே ஓர் இளநீர் வண்டியில்தான். உப்பளம் மைதானத்துப் பக்கம் ஒருவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்தது அரிவாள் அல்ல. பித்தளைப் பிடி போட்ட, குட்டையான, நேரான பட்டாளத்து வாள். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சரக்கு. எங்கே கிடைத்தது என்றேன். "ஒரு வெள்ளைக்காரன் வூட்டை இடிச்சாங்க, அங்க கெடந்துச்சு. நல்ல இரும்பு சார், கூர் போவவே மாட்டேங்குது" என்றார். புது அரிவாள் இரண்டு வாங்கிக் கொடுத்து அதை வாங்கிவந்தேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, பிரெஞ்சுச் சிப்பாய்களே அந்த வாளுக்கு முட்டைக்கோஸ் வெட்டி என்றுதான் கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். போரில் அதற்கு அதிக வேலையில்லையாம். பாண்டிச்சேரிக்கு வந்து அது இளநீர் வெட்டியாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது.

வாசகரே, நிம்மதியாகத்தான் சாப்பிடுகிறேன்.

பச்சைத் துணிக்குள்

காதர் பாய்க்குக் காந்தி வீதியில் குடைக்கடை. அவருடைய வாப்பா ஆரம்பித்தது. விற்பனையும் உண்டு, ரிப்பேரும் உண்டு. ஒரு ஐப்பசி மழையில் கம்பி உடைந்த குடையோடு நான் ஒதுங்கிய இடம் அது. என் கையில் வாள்களின் படங்கள் போட்ட ஒரு தடிமனான புத்தகம் இருந்தது. குடையைச் சரி பார்த்துக்கொண்டே அவர் ஒரு படத்தை எட்டிப் பார்த்தார்.

"இந்த மாதிரி எங்க வூட்டுல ஒண்ணு இருக்குது சார்."

நான் துள்ளிவிட்டேன். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆனது. பாய் அவசரப்படுகிற ஆள் இல்லை. சிநேகிதம் முதலில், கத்தி அப்புறம் என்பது அவர் கணக்கு. எத்தனையோ நோன்புக் கஞ்சி குடித்த பிறகு ஒருநாள், பீரோ மேலிருந்து பச்சைத் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினார்.

உள்ளே பலாமர உறை. உறைக்குள் கருப்பாக ஒரு கெரிஸ். வெறும் கருப்பு இல்லை, தார் பூசிய மாதிரி கருப்பு. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு பழக்கம்: ஒவ்வொரு வியாழன் மாலையும் வீட்டுக்குச் சாம்பிராணி போடும்போது அதற்கும் காட்டுவார்கள். அதற்கு முன்னால் துரு ஏறாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். எண்ணெய்மேல் புகை, புகைமேல் எண்ணெய். அன்பினாலேயே அதன் முகத்தை மூடிவிட்டார்கள்.

பாயின் மூதாதை ஒருவர் துணி மூட்டைகளோடு கப்பலேறிப் போனாராம். அங்கே ஒரு மலாய் வியாபாரி சிநேகிதத்துக்கு அடையாளமாகக் கொடுத்ததாம் இது. "அங்கே" என்பது சில நாள் பினாங்கு, சில நாள் அச்சே. கதை சொல்கிற மனநிலையைப் பொறுத்தது.

நெளிவுகளை எண்ணிப் பார்த்தேன். ஒற்றைப்படை. கெரிஸின் நெளிவு எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும், நாம் மொய் எழுதுகிற மாதிரி. ஆனால் அது ஒன்றும் பெரிய சான்று அல்ல. துறைமுகங்களில் கப்பல்காரர்களுக்கு ஞாபகப் பொருளாக விற்கச் செய்த கெரிஸ்களும் ஏராளம். அவற்றுக்கும் நெளிவு உண்டு. இரும்பின் முகத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த முகத்தின்மேல்தான் நூற்றாண்டுப் பிசுக்கு. முதல் பாடத்தை நினைத்து, ஒரு நகக்கீறல்கூடப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி வந்தார்

இந்த வருஷம் பாயின் தம்பி யூசுப் பிரான்ஸிலிருந்து வந்தார். பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற குடும்பத்தில் பெண் எடுத்து, இளம் வயதிலேயே அங்கே போனவர். பாரீஸ் பக்கத்தில் போஸ்ட் ஆபீஸ் வேலை. இப்போது வேலை ஓய்ந்து ரெத்ரேத் பென்ஷன் வாங்குகிறார். தமிழ் ஒன்றும் மாறவில்லை. நன்றிக்கு ஒரு "மெர்சி", நடுவில் ஒரு "வுவாலா" வரும், அவ்வளவுதான்.

பேரப் பிள்ளைகளை நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், கடற்கரையில் நடந்தார், சொந்தக்காரர்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டார். பிறகு ஒருநாள் அண்ணனிடம் சொன்னார், கெரிஸை நான் எடுத்துப்போகிறேன் என்று.

அண்ணன் தம்பிக்குள் அதுவரை ஒரு சுடுசொல் வந்து நான் கேட்டதில்லை. அன்று இரண்டு பேரும் என் வீட்டு மாடிக்கு வந்தபோது ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார்கள்.

"வூடு அண்ணன்கிட்ட. கடை அண்ணன்கிட்ட. நான் எதையும் கேக்கல, கேக்கவும் மாட்டேன்" என்றார் யூசுப். "ஆனா வாப்பா மவுத்தானப்ப நான் வர முடியல. அங்க என் வூட்டுல அவங்க ஞாபகமா ஒரு துரும்பு கெடையாதுண்ணே. என் பசங்களுக்கு எதைக் காட்டி நம்ம வூடுன்னு சொல்றது?"

"வாப்பா மட்டுமில்ல, அவங்க வாப்பா, அவங்களுக்கும் முன்ன இருந்தவங்க கை பட்டது" என்றார் காதர் பாய். "வியாழக்கெழம சாம்பிராணி போடும்போது அது வூட்டுல இருக்கணும் சார். அங்க கொண்டுபோனா செவுத்துல மாட்டுவான். அவனுக்கப்புறம் அவன் புள்ளைங்க எவன்கிட்டயாவது வித்துடுவானுங்க."

"என் புள்ளைங்களை ஏன் இழுக்குற?"

தனம் காபி கொண்டுவந்தாள். ஆறட்டும் என்று சும்மா இருந்தேன். காபிதான் ஆறியது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்காது. சந்தைச் சரக்கு என்றால் தடையில்லை. அதனால் நான் பார்த்துச் சொல்வது. புதுசு என்றால் தம்பிக்கு, பழசு என்றால் அண்ணனுக்கு. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கெரிஸ் என் கைக்கு வந்தது.

படியிறங்கும்போது யூசுப் என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, பாத்து நல்ல சேதியா சொல்லுங்க."

நல்ல சேதி என்றால், உங்கள் பாட்டன்மார் பொக்கிஷமாக வைத்திருந்தது இரண்டு காசு பெறாத போலி என்ற சேதி. அதை மிகவும் ஆசைப்பட்டுக் கேட்ட மனிதர், அது ஒன்றுமில்லாததாக இருக்க வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போலியாகவே இருந்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு சேகரிப்பாளன் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

சிந்தின அரிசி

இந்த நிலைமையில்தான் எலுமிச்சம்பழம்.

மறுநாள் விடிந்ததும் மறு பூஜைக்கு முதல் ஆளாக நான் போய் நின்றேன். தனம் நிதானமாகப் பூ மாற்றி, நிதானமாக விளக்கேற்றி, நிதானமாகச் சூடம் காட்டினாள். "எடுத்துக்கலாம்" என்று அவள் சொன்ன மறு நொடி கெரிஸிலிருந்து பழத்தை உருவினேன். தண்ணீர் ஊற்றி, பஞ்சால் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

சாறு அரித்த இடத்தைத் தேடினேன்.

மண்ணெண்ணெயில் பிசுக்கு போன இடத்தில், சாறு வழிந்த வழியெல்லாம், இரும்பு விழித்துக்கொண்டிருந்தது. கருத்த இரும்புக்குள் வெள்ளி நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள், கோடுகள், சுழிகள். மேலே வரைந்தது அல்ல. உள்ளே இருப்பது. இரண்டு வகை இரும்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடியும் காய்ச்சி அடித்தவனுடைய வேலை. நான் முப்பது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். மெஷினும் மைக்ரோமீட்டரும் வைத்துக்கொண்டு நான் தொடுகிற நுணுக்கத்தை, ஒரு கரி அடுப்பும் சுத்தியலும் வைத்துக்கொண்டு ஒருவன் தாண்டிப் போயிருக்கிறான். கும்பிடத் தோன்றியது. பூஜையில் வைத்தது சரிதான்.

தனம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, அரிசி சிந்தின மாதிரி இருக்குது?"

திரும்பி அவளையே பார்த்தேன். ஜாவாக்காரர்கள் இந்த வேலைப்பாட்டுக்கு வைத்திருக்கிற பெயரே அதுதான்: சிந்தின அரிசி. இந்தக் கெரிஸ் இருக்கிற வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை.

இன்னொன்றும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜாவாவில் வருஷத்துக்கு ஒருமுறை கெரிஸைக் குளிப்பாட்டுவார்கள். பூவும் புகையும் உண்டு. எதில் குளிப்பாட்டுவார்கள் தெரியுமா? எலுமிச்சைச் சாற்றில்! புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்தது. அது நம் கையால் செய்கிற காரியமில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஆயுதத்தைக் கும்பிட்டால் எலுமிச்சம்பழம் வேண்டும் என்பது இரண்டு கரையிலும் யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நடுவில் கடல் இருந்தும் தோன்றியிருக்கிறது.

பொரி கடலை வாங்கிக்கொள்ள வழக்கம்போல் காதர் பாய் வந்தார். மறைக்க நேரமில்லை. பிடியின் இடுக்கில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"என்னா சார், எங்க வூட்டுக் கத்திக்குப் பொட்டு வெச்சு உக்கார வெச்சிருக்கீங்க?"

தனம் முந்திக்கொண்டாள். "நான்தான் பாய், தெரியாம வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

பாய் கெரிஸை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு கைக்குட்டையால் அந்தக் குங்குமத்தை மெதுவாகத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"நாங்க இத்தனை காலம் சாம்பிராணி போட்டு மூடி வெச்சோம். தங்கச்சி ஒரு பழத்துல தொறந்துட்டாங்க. இதுக்குப் போய் என்னாத்த கோவப்படறது?"

படமெடுத்து, பினாங்கில் கெரிஸ் மட்டுமே சேர்க்கிற ஒரு நண்பருக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. நூறு வருஷத்தைத் தாண்டி எப்போதோ போய்விட்டது, சந்தேகமே வேண்டாம் என்றார். விலைக்கு வருமா என்றும் கேட்டார். அதற்கு நான் பதில் போடவில்லை.

யாரோ செய்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் மாடிக்கு வந்தார்கள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கெரிஸை ஒரு பக்கமும் உறையை ஒரு பக்கமும் வைத்திருந்தேன்.

"சுத்தி வளைக்காம சொல்லிடுங்கண்ணே" என்றார் யூசுப்.

"பழசு தம்பி. ரொம்பப் பழசு."

காதர் பாய் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தார். யூசுப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மெர்சி, அண்ணே" என்றார். அந்த மெர்சியை விட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அதைத் தாங்காமல் நான் பேச ஆரம்பித்தேன். எனக்கு வருவது அது ஒன்றுதான். இரும்பு எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது, அடிப்பாகம் எப்படித் தனியாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கிறது, சிந்தின அரிசி என்றால் என்ன என்றெல்லாம் ஒரு பிரசங்கம். அந்த வேகத்திலேயே உறைக்கும் வந்தேன்.

"உறை மட்டும் பிற்பாடு செஞ்சது. அசல் உறை கரையான் அரிச்சிருக்கும். இது நம்மூர்ப் பலாமரம். யாரோ வேலை தெரியாதவர் செஞ்சிருக்கார். வாய் பெருசா போயிடுச்சு, கத்தி ஆடாம இருக்க உள்ள குடைத்துணியை மடிச்சுச் செருகியிருக்கார். இதுக்கு மதிப்பு ஒண்ணும் கெடையாது."

யூசுப் தலை நிமிர்ந்தார்.

"யாரோ இல்லண்ணே. அது வாப்பா செஞ்சது."

உறையைக் கையில் எடுத்தார். கெரிஸ் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"அண்ணன் அப்ப கடையில நிப்பாரு. கொல்லையில உக்காந்து வாப்பா செதுக்கினாங்க. நான்தான் கட்டையை அமுத்திப் புடிச்சுக்கிட்டிருந்தேன். உளி வழுக்கி இங்க ஏறிடுச்சு." கட்டை விரலைக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஒரு பழைய தழும்பு. "வாப்பா கட்டியிருந்த கைலியை அப்படியே கிழிச்சுக் கட்டினாங்க. அழாதடா, அழாதடான்னு சொல்லிக்கிட்டே அவங்க அழுதாங்க."

காதர் பாய் தம்பியின் விரலைப் பிடித்துப் பார்த்தார். "எனக்குத் தெரியவே தெரியாதேடா" என்றார்.

யூசுப் உறையின் வாயிலிருந்து அந்தக் கருப்புத் துணியின் நுனியை இழுத்துப் பார்த்தார். அப்போதைய குடைத்துணி, நிறம் மங்கியிருந்ததே தவிர கிழியவில்லை. முகர்ந்தார். எண்ணெயும் சாம்பிராணியும்தான் மணத்திருக்கும். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

பாய் எழுந்தார். பச்சைத் துணியை எடுத்து உறையை அதில் சுற்றினார். தம்பியின் மடியில் வைத்தார்.

"இது புதுசுதானே சார்? எடுத்துட்டுப் போலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"தாராளமா."

"அப்ப உன் கத்திக்கு?" என்றார் யூசுப்.

"அது எங்க போகப் போவுது? வூட்டுலதானே கெடக்கப் போவுது."

கத்தியையும் உறையையும் பிரிப்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் சேகரிப்பாளர் உலகத்தில் கிடையாது. மதிப்பில்லாத உறையானாலும் உடன் வந்தது உடனிருக்க வேண்டும் என்போம். நானே பல பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். அன்றோ, மதிப்பில்லை என்று எதைச் சொன்னேனோ, அதற்காக ஒரு மனிதர் எத்தனை வருஷம் ஏங்கியிருந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம். கத்தி உறை என்றதும் அதிகாரி உஷாராகி, கத்தி எங்கே என்று கேட்டாராம். தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார் யூசுப். குடைத்துணிதான் எட்டிப் பார்த்தது.

சில வாரம் கழித்துக் குடைக்கடைக்குப் போனேன். நல்ல மழை, கடையில் கூட்டம். அந்த அமளியிலும் பாய் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். வெள்ளைச் சுவரில், ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில், பலாமர உறை தனியாகத் தொங்கியது. வாயில் கருப்புத் துணி தெரிந்தது.

"பாய், கெரிஸ் இப்ப எப்படி வெச்சிருக்கீங்க?"

"ஒரு வெள்ளைத் துணில சுத்தி பீரோ மேல வெச்சிருக்கேன். எண்ணெயைக் கொறைச்சுட்டோம். சாம்பிராணி மட்டும்தான்."

"வெறும் துணி போதாது பாய். முனை மழுங்கிடும். பினாங்குல என் சிநேகிதர் இருக்கார், அசல் மாதிரியே ஒரு உறை செஞ்சு அனுப்பச் சொல்றேன். அளவு என்கிட்ட இருக்கு."

பாய் ஒரு குடையை விரித்து, கம்பிகளைச் சரிபார்த்து, மடக்கி என் கையில் கொடுத்தார்.

"அதுக்குத்தான் உறை இருக்குதே சார்" என்றார். "பாரீஸ்ல இருக்குது."